படிக்கட்டில் மூச்சு வாங்கிய இடிமுகன்

கண்ணா,

சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்கிறேன். நீயும் சாப்பிட்டேன் என்று சொல்கிறாய். அதற்கப்புறம் பேச எதுவும் இல்லாததுபோல இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன விஷயத்துக்குப் போனில் பதில் சொன்னால் பத்தாது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தங்கவயலில் ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு இது, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவோடு ஞாயிறுதோறும் சிவாஜிநகரில் கூடிப் படக்கதை பேசினவர்கள் அவருடைய வருஷத் திதிக்கு ஒரு சின்ன மலர் போடுகிறார்களாம். "அண்ணி, நீங்களும் எதுனா எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். செத்துப் போனவரைப் பற்றி எழுத எனக்குக் கை வராது, உயிரோடு இருக்கிற மகனுக்கு எழுதுகிறேன், பிடித்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் இதை நாலு பேர் படிப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னது இதுதான். சென்னையில் ஒரு பதிப்பாளர் இடிமுகன் கதைகளை மறுபடியும் கொண்டுவருகிறார். புதிதாக வரைய உன்னைக் கேட்டிருக்கிறார். நீ ஹைதராபாத் ஆபீசில் வேலை முடிந்து வந்து, தூக்கம் கெட்டு, மாதிரிக்குச் சில பக்கங்கள் வரைந்து அனுப்பினாய். அவர் பார்த்துவிட்டு, ரொம்ப சுத்தமான கை, ஆனால் இது பழைய ஓவியருடைய கை, உங்கள் கையில் வரைந்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். நீ மாட்டேன் என்று சொல்லப்போகிறாய். வருகிற சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். "அப்பாவுக்குப் புடிச்ச இடிமுகன் அந்தப் பழையவர் வரைஞ்சதுதான்மா. நான் வேற மாதிரி வரைஞ்சா அப்பா ஒத்துக்கவே மாட்டாரு" என்றாய். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

இடிமுகனைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. பகலில் தபாலாபீசில் முத்திரை குத்துகிற ஆள் அவன். எங்கேயாவது அநியாயம் நடந்தால் கறுப்புத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, தோளில் நீளமாகச் சால்வை போட்டுக்கொண்டு வந்து நிற்பான். வலது கையை மடக்கி ஓங்கினால் வானத்தில் இடி இடிக்கும். பறக்கத் தெரியாது, சுவரை உடைக்கத் தெரியாது, இடி ஒன்றுதான் அவனிடம் இருப்பது. அந்த இடியில் எதிரி நடுங்குவான், இவனுக்கும் காது அடைத்துக்கொள்ளும். உன் அப்பாவுக்கு அந்தக் காது அடைப்புதான் ரொம்பப் பிடிக்கும். "பாரு, சக்தியைக் குடுத்த சாமி வலியையும் சேத்துக் குடுத்துட்டாரு" என்று சிரிப்பார். எம்.ஜி. ரோடு பக்கத்துப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டின காலத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருப்பார். கதவு திறந்தால் புத்தகம் தொடைக்கு அடியில் போய்விடும். "எந்த மாடி சார்" என்று கேட்கும்போதும் முகத்தில் கதைதான் இருக்கும் என்று அங்கே கூட்டிப் பெருக்கின ஒரு அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் ஆகி ஜோகுபாளையத்து ஒற்றை அறைக்கு வந்தபோது எனக்கு இதெல்லாம் குழந்தை விளையாட்டாகத்தான் பட்டது. எழுத்தைக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் நான் படத்தை மட்டும் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்று தெரிந்தது. பெயர் ஒன்று, துணி ஒன்று, சால்வை ஒன்று, ஆனால் ஆள் ஒவ்வொரு புத்தகத்திலும் வேறு. உன் அப்பாவிடம் கேட்டபோது, வரைகிறவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றார். அந்தக் காலத்தில் வரைந்தவர் பெயரை முக்கால்வாசிப் புத்தகத்தில் போடவே மாட்டார்கள். அதனால் நம் வீட்டில் நாமே பெயர் வைத்துக்கொண்டோம், உனக்கு நினைவிருக்கும்.

முதல் ஆள் கோட்டுக்காரர், கோடு போடுகிற அழகுக்காக வைத்த பெயர். நீ இப்போது யாரைப் பார்த்து வரைந்திருக்கிறாயோ அவர். என்ன கையப்பா அது. ஒரு சுவர் என்றால் ஒவ்வொரு செங்கல்லும் இருக்கும். தெருவில் ஒரு சைக்கிள் நின்றால் அதன் மணிகூட இருக்கும். இடிமுகன் மாடியிலிருந்து குதிக்கிறபோதும் சால்வை இப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி மடிப்பு மடிப்பாக விழும். அவர் வரைந்த இடிமுகனுக்கு வேர்வை கிடையாது, சந்தேகம் கிடையாது. அவன் வந்து நின்றால் பக்கம் முழுக்க ஒரு தைரியம் வந்துவிடும். மாசக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே எனக்குக்கூட முதுகு நிமிரும். உன் அப்பா அவரைத் தவிர வேறு யாரையும் ஓவியர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். வெளியில் அப்படித்தான் சொல்வார்.

இரண்டாவது ஆளுக்கு மைக்கொட்டி என்று பெயர் வைத்தது நான்தான். உனக்கு முழுக் கதை தெரியாது. நீ வயிற்றில் இருந்த சமயம். நான் சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போனேன். உன் அப்பா, வருகிற வழியில் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் விற்கிற தஸ்தகீர் பாயிடம் ஒரு புத்தகம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், வாங்கி வா என்றார். திறந்து பார்த்தேன். பக்கம் எல்லாம் கறுப்பு. நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளி.

"பாய், இது நனைஞ்சு மை ஊறிப் போச்சு. வேற குடுங்க."

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஊறலை பாபி. அப்பிடித்தான் வரைஞ்சிருக்கான்."

"இன்னா பாய், என்னைப் பாத்தா ஏமாந்தவ மாதிரி தெரியுதா? மையைக் கொட்டிட்டு வரைஞ்சேன்னு சொன்னா நம்பணுமா?"

"கோபம் நக்கோ பாபி, கோவிச்சுக்காதீங்க. வூட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட காட்டுங்க. அவர் வாணாம்னா கறிக்காசையும் சேத்து நான் தரேன்."

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, அந்த இரண்டு புள்ளியும் கண் என்று காட்டினார். அவ்வளவு இருட்டில் அவன் நின்றுகொண்டிருக்கிறான். பிளேடால் மையைச் சுரண்டி மழை போட்டிருந்தார் அந்த ஆள். பார்க்கப் பார்க்கத் தோள் தெரிந்தது, சால்வை தெரிந்தது, சுவரில் ஊன்றின கை தெரிந்தது. ஒன்று இல்லாத இடத்தில் நானே அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி வைத்திருந்தார். கோட்டுக்காரர் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார். இவர் ஒளித்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பார். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வந்த என் அப்பா, உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் எனக்கு அது கொஞ்சம் புரிந்தது. இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறே போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், "எங்க வூட்டம்மா மைக்கொட்டி கட்சி" என்று.

அப்புறம் நீ காலேஜில் சேர்ந்த பிறகு வாங்கி வந்தாயே, ஒரு பெண் வரைந்தது. பெண் என்று நீ சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெரிய சண்டை நடக்கிறது, அந்தம்மா சண்டையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, கொட்டிப்போன கத்திரிக்காயைப் பொறுக்குகிற கூடைக்காரியைப் பெரிதாக வரைந்திருந்தாள். இடிமுகனுடைய சால்வையில் ஒரு கிழிசல், அதில் தையல். மெஷின் தையல் இல்லை, கையால் போட்ட ஓட்டுத் தையல், கடைசியில் முடிச்சுப் போடும்போது கொஞ்சம் சுருங்கினது உட்பட வரைந்திருந்தாள். ராவெல்லாம் புடவைக்கு ஃபால் தைக்கிறவள் நான், எனக்கு அது தப்புமா. இத்தனை வருஷமாக அவன் சால்வை கிழியாமல் இருந்திருக்காது, அதை யாரோ தைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு கட்டத்துக்காக அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடலாம்.

இப்போது தொப்பைக்காரருக்கு வருகிறேன். அவர் வரைந்தது கொஞ்சம் புத்தகங்கள்தான். அவருடைய இடிமுகனுக்கு வயிறு முன்னால் வந்திருக்கும். முகத்துணி ஒரு பக்கம் இறங்கி மூக்கு தெரியும். கோடுகள் எல்லாம் கை நடுங்கினது மாதிரி இருக்கும். புத்தகம் வந்த புதிதில் சிவாஜிநகர் கூட்டத்தில் நடந்ததை நீயும் கேட்டிருக்கிறாய், நானும் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன்.

"இன்னாபா இது, இடிமுகனா, மளிகைக் கடை ஓனரா?" என்று ஆரம்பித்தார் உன் அப்பா.

"கம்முனு இரு. வயசானா உனக்கு வராதா தொப்பை?" என்றார் பாய்.

"எனக்கு வரட்டும். நான் லிஃப்ட்ல உக்காந்திருக்கேன். இவன் ஊரைக் காப்பாத்தணும். எதிரி ஓடினா இவன் ஆட்டோ புடிச்சில்ல போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். அன்றையிலிருந்து உனக்கு அது மனசில் பதிந்துவிட்டது, அப்பாவுக்குத் தொப்பைக்காரர் ஆகாது என்று.

அதனால்தான் காரியத்தன்று அப்படி நடந்தது. படையலில் செத்துப் போனவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது நம் வழக்கம். கறிக்குழம்பு, வடை, புது வேட்டி, வெற்றிலை பாக்கு எல்லாம் இலையில் வைத்தேன். ஒரு இடிமுகன் புத்தகமும் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தொப்பைக்காரர் புத்தகத்தை எடுத்து வைத்தேன். நீ மாலையைச் சரிசெய்யக் குனிந்தவன் பார்த்துவிட்டாய். "அம்மா, இதையா வெச்ச? அப்பாவுக்கு இது ஆகவே ஆகாதும்மா" என்று காதோரமாகச் சொல்லிவிட்டு, அதை எடுத்துக் கட்டில் மேல் போட்டு, கோட்டுக்காரர் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாய். சரியாகப் படிக்கத் தெரியாதவள் பார்க்காமல் எடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாய். வீடு நிறைய ஜனம், கற்பூரம் ஏற்றக் காத்திருந்தார்கள். நான் தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன்.

நான் பார்த்துத்தான் வைத்தேன் கண்ணா.

உன் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது நீ ஹைதராபாத்தில் புது வேலையில் இருந்தாய், லீவு கிடைக்காது. நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போவேன். கையில் ஊசி போட்டுவிட்டால் அப்படியே கிடக்க வேண்டும். ஒரு நாள் கிளம்பும்போது, "புக்கு ஒண்ணு எடுத்துக்கோ" என்றார். நான் கோட்டுக்காரரை எடுத்தேன். "அது வாணாம். அந்தக் குண்டன எடு" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, எடுத்துப் பையில் வைத்தேன். அங்கே படுத்துக்கொண்டு நான் பக்கம் திருப்ப அவர் பார்ப்பார். ஒரே ஒரு பக்கத்தில் நிறுத்தச் சொல்வார். அதில் இடிமுகன் ஒரு மாடிப்படியில் ஏறுகிறான். மேலே யாரோ கூப்பிடுகிறார்கள். இவன் பாதியில் நின்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, குனிந்து மூச்சு வாங்குகிறான். ஓரமாக ஒரு சின்னக் கட்டம், அதில் அடுத்த படியில் ஏறின செருப்புக் கால் மட்டும்.

அங்கே இருந்த நர்ஸ் பெண், "ஏன் அங்கிள், மக்கள புஸ்தக ஓதுத்தாயிதீரா?" என்று கேலி செய்தது, குழந்தைகள் புத்தகமா படிக்கிறீர்கள் என்று.

உன் அப்பாவும் கன்னடத்திலேயே, "இவனு ஹீரோ அல்லம்மா, நம்ம வார்டு பேஷண்ட்டு" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து படத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. அவருடைய போர்வையை இழுத்துவிட்டுப் போனது.

"ஏங்க, இவனைத்தானே மளிகைக் கடைன்னு சொன்னீங்க" என்றேன் நான்.

"அப்போ நான் ரெண்டு ரெண்டு படியாத் தாவறவன். எனக்கு இன்னா தெரியும்." அந்தப் பக்கத்தைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். "இந்த ஆள் எங்கியோ படியில நின்னிருக்காம்மே. அவனே நின்னிருக்கணும், இல்லாட்டி அவன் ஆத்தாவோ அப்பனோ நின்னதைப் பாத்திருக்கணும். சும்மா இந்த நிப்பு வராது. பாத்தியா, இடுப்புல வெச்ச கை, வெரலு உள்ள அமுங்குது."

"பையன்கிட்ட சொல்லட்டா? சந்தோசப்படுவான்."

"வாணாம். அப்பனுக்கு முடியலன்னு நெனச்சுப்பான். அவனுக்கு நான் கோட்டுக்காரன் கட்சியாவே இருந்துட்டுப் போறேன்."

அதனால்தான் நான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். அவர் வேண்டாம் என்றது உன்னைக் கலங்கவிடக் கூடாது என்பதற்காக. இப்போது அந்தப் பேச்சே உன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றால், நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரும் ஒத்துக்கொள்வார்.

இதற்காகக் கோட்டுக்காரரை அவர் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதே. கடைசி வரைக்கும் அவர் சுவரில் ஒட்டிவைத்திருந்தது கோட்டுக்காரர் வரைந்த அட்டைதான். ஒருத்தரைப் பிடித்துவிட்டால் இன்னொருத்தரைப் பிடிக்கக் கூடாதா என்ன. அவர் போன அன்றைக்குத் தெருவில் வைத்த பேனர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அவருக்கு நிறத்தை ஏற்றி, மோவாய் மச்சத்தை அழித்து, ஆயுசுக்கும் போடாத கோட்டு சூட்டு டையெல்லாம் மாட்டிவிட்டிருந்தான். உன் அத்தை ஆஸ்டின் டவுனிலிருந்து வந்து இறங்கினவள், "எங்கண்ணனா இது, யாரோ பேங்க் மேனேஜர வெச்சிருக்கீங்க" என்று சண்டைக்கு வந்தாள். சண்டை போட்டுக்கொண்டே இருந்தவள் அந்தப் பேனர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். அவ்வளவு மாற்றியும் அவர் அதில் இருந்தார். எந்த இடத்தில் இருந்தார் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. இடிமுகனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இத்தனை பேர் இத்தனை விதமாக வரைந்தும் அவன் தொலைந்து போகவில்லை. நீ ஒருத்தன் வரைந்தா தொலைந்துவிடப் போகிறான்?

நீ போனில் அனுப்பின மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. செங்கல் இருக்கிறது, இஸ்திரி மடிப்பு இருக்கிறது. பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, கோட்டுக்காரரே பார்த்தால்கூட இது நான் வரைந்ததோ என்று ஒரு நிமிஷம் யோசிப்பார். ஆனால் அந்தப் பதிப்பாளர் சொன்னது எனக்கும் புரிந்தது. அதில் உன்னைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு படம் வந்தது. பென்சிலில் கிறுக்கினது. தப்பி வந்துவிட்டது, அழித்துவிடு என்று கீழேயே எழுதியிருந்தாய். நான் அழிக்கவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பகலில் நான் வேலைக்குப் போகிற இடத்தில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போதுகூடப் பார்த்தேன். மழை. ஒரு பஸ் ஸ்டாப். ஜனங்கள் எல்லாம் நிழற்குடைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இடிமுகன் இடம் கேட்காமல் வெளியே நனைந்துகொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, முகத்துணியை அவிழ்த்துப் பிழிகிறான். முகம் தெரியவில்லை. கழுத்து தெரிகிறது, ஈர முடி ஒட்டின கழுத்து. கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவனுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது என்று. உள்ளே ஒரு சின்னப் பிள்ளை மட்டும் அவன் முகத்தைப் பார்க்கத் தலையை எக்குகிறது.

கோட்டுக்காரருக்கு இது தோன்றியிருக்காது. அவருடைய துணி நனையாது. மைக்கொட்டி இந்த மழையைப் போட்டிருப்பார், ஆனால் துணியைப் பிழிய விட்டிருக்க மாட்டார். தொப்பைக்காரர் அவனை உள்ளே உட்கார வைத்திருப்பார். இவன் உன் அப்பாவும் இல்லை. உன் அப்பா இருந்தால் பஸ் ஸ்டாப்பில் இருக்கிற அத்தனை பேரோடும் பேசி இடம் பிடித்திருப்பார். வேலைக்குப் போன ஊரில் முதல் மழைக்காலத்தில், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று யாரிடமும் சொல்லாமல் நின்ற ஒருத்தனைத்தான் நான் அதில் பார்க்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்கிறவன் அவன். எனக்கு நீ போனில் சொல்லாததெல்லாம் அந்தக் கழுத்தில் இருந்தது.

சனிக்கிழமை அவர் போன் செய்வார். உனக்கு மாட்டேன் என்று சொல்ல இஷ்டம் இருந்தால் சொல், நான் வருத்தப்பட மாட்டேன். ஆபீஸ் வேலை அதிகம் என்று சொல். கை வலிக்கிறது என்று சொல். அப்பாவுக்குப் பிடிக்காது என்று மட்டும் சொல்லாதே. அவரோடு குடித்தனம் நடத்தினவள் நான், அது பொய் என்று எனக்குத் தெரியும்.

சரி என்று சொல்வதாக இருந்தால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பஸ் வந்ததும் அந்த ஈரத்துணியைத் திரும்பவும் கட்டிக்கொண்டு ஏறினானா, கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பார்க்கப் பார்க்க ஏறினானா? ரெண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பக்கத்தை வரைந்து அனுப்பு.

உன் அம்மா